தமிழ்ப் பக்கங்களுக்கு சிஎஸ்எஸ்: பல வருடப் பயன்பாட்டில் நிலைத்தவை

தமிழில் இணையப் பக்கம் செய்கிறவர், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் வரி உயரம், அதாவது லைன்-ஹைட். நிறம், நிழல், அனிமேஷன் எல்லாம் அப்புறம். பத்திரிகைத் தளம், பள்ளித் தளம், சின்னக் கடைகளின் பக்கங்கள் என்று பல வருடங்களாகத் தமிழ் உரைக்குத்தான் சிஎஸ்எஸ் எழுதுகிறேன். ஆயத்த தீம்களில் வரும் அளவுகள் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துப் போட்டவை. அவற்றை அப்படியே விட்டால் தமிழ் நெரிசலில் மாட்டிக்கொள்ளும்.

கி, கீ மேலே கொக்கி போடும். கு, மூ, ளு கீழே இறங்கும். வரி உயரம் போதாமல் இருந்தால் மேல் வரியின் ளு-வும் கீழ் வரியின் கீ-யும் உரசிக்கொள்ளும். உரைக்கு 1.75, தலைப்புக்கு 1.4 என்பதே எனக்குப் படிந்துவந்த கணக்கு. இந்த எண்ணை அலகு இல்லாமல் எழுதுவது முக்கியம். பக்கம் முழுவதையும் தாங்கும் பாடி டேகில் 175% என்று போட்டால், 16 பிக்சல் எழுத்துக்கு 28 பிக்சல் என்று பிரவுசர் அங்கேயே கணக்கு முடித்து, அந்த 28-ஐத்தான் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இறக்கிவிடும். 40 பிக்சல் தலைப்பு இரண்டு வரியானால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வெறும் 1.75 என்றால் அந்தந்த எழுத்தின் அளவோடு பெருக்கிக்கொள்ளும்.

செய்திச் சுருக்கத்தை மூன்று வரியில் வெட்டிக்காட்டும் லைன்-கிளாம்ப் எல்லா இடத்திலும் பயன்படுகிறது. அதற்கு, பெட்டிக்கு வெளியே வழிவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிடன் கட்டாயம் வேண்டும். வரி உயரம் குறைவாக இருந்தால் கடைசி வரியின் உகரக் குறிகள் பாதியில் அறுந்து, 'து' எது 'த' எது என்று தெரியாமல் போகும். கீழே பேடிங் (பெட்டிக்குள் விடும் இடைவெளி) கொடுத்துச் சரிசெய்யலாம் என்று தோன்றும். கொடுத்தால், மறைந்திருக்க வேண்டிய நான்காவது வரியின் தலை அந்த இடைவெளியில் எட்டிப் பார்க்கும். வரி உயரத்தைக் கூட்டுவதுதான் சரியான வழி.

தமிழ்ப் பக்கங்கள் அதிகம் உடைவது நீளமான சொற்களால். 'நடைமுறைப்படுத்தப்பட்டிருக்கிறது' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 18 எழுத்து. 360 பிக்சல் அகலப் போனில் இரண்டு பத்தியாக (நெடுவரிசையாக) கார்டுகளை அடுக்கி, ஒரு தலைப்பில் இந்தச் சொல் வந்தால் அந்தக் கார்டு மட்டும் வீங்கும், பக்கத்துக் கார்டு ஒடுங்கும், பக்கம் முழுவதும் பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும். பெட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டில் 1எஃப்ஆர் (மீதி இடத்தில் ஒரு பங்கு) என்று எழுதுவதற்கு உண்மையான பொருள் மின்மேக்ஸ்(ஆட்டோ, 1எஃப்ஆர்), அதாவது குறைந்தபட்சம் ஆட்டோ, அதிகபட்சம் ஒரு பங்கு. அந்த ஆட்டோ, 'உள்ளே இருக்கும் மிக நீளமான சொல்லைவிடக் குறுக மாட்டேன்' என்று நிற்கும். மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதினால் இரண்டு பத்தியும் சரிபாதியாகும். பெட்டிகளை ஒரே வரிசையில் அடுக்கும் ஃபிளெக்ஸில் இதே வேலையை மின்-விட்த்: 0 (குறைந்தபட்ச அகலம் பூஜ்யம்) செய்யும்.

பத்தி சரியான பிறகும் சொல் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட். இடம் போதாதபோது மட்டும் சொல்லை உடைக்கும். அதன் உறவுக்காரரான எனிவேர் என்ற மதிப்பு, சொல் எங்கு வேண்டுமானாலும் உடையலாம் என்பதைக் குறைந்தபட்ச அகலக் கணக்கிலும் சேர்த்துவிடும். அதை அட்டவணைக்குள் போட்டால் பத்தி நசுங்கி, எழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். வேர்ட்-பிரேக்: பிரேக்-ஆல் தமிழுக்கு வேண்டவே வேண்டாம், தேவை இல்லாத இடத்திலும் வரியோரத்தில் கண்டபடி சொல்லை அறுக்கும். முக்கியமான தலைப்புகளுக்கு, சொல் உடையக்கூடிய இடத்தைக் குறிக்கும் டபிள்யூபிஆர் டேகைப் பயன்படுத்துகிறேன். 'நடைமுறைப்' என்பதற்குப் பிறகு அதை வைத்தால் இடம் போதாத திரையில் மட்டும் அங்கே உடையும், இணைப்புக்கோடும் வராது. இது ஆசிரியர் குழு கையால் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் சொல் எங்கே பிரியலாம் என்று தமிழ் தெரிந்தவர் முடிவெடுப்பதன் தெளிவு வேறு எதிலும் கிடைக்கவில்லை.

வரிகளின் இரு ஓரத்தையும் நேராக்கும் ஜஸ்டிஃபையை முற்றிலும் விட்டுவிட்டேன். போன் திரையில் தமிழில் வரிக்கு நாலு சொல் வந்தாலே அதிகம். அந்த நாலையும் இரு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டினால் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடப்பக்கம் ஒழுங்கு, வலப்பக்கம் அதன் போக்கில் என்பதே கண்ணுக்கு இதம்.

எழுத்துரு வரிசையில் ஆங்கில எழுத்துருவை முதலிலும் தமிழை அடுத்தும் வைக்கிறேன். முதல் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் தமிழ் எழுத்துக்கு மட்டும் பிரவுசர் அடுத்ததற்குப் போகும்; எண்களும் ஆங்கிலச் சொற்களும் முதலாவதிலேயே நிற்கும். இரண்டின் உருவ அளவும் பெரும்பாலும் ஒத்துப்போகாது, தமிழ் பெரிதாகத் தெரியும். தமிழ் எழுத்துருக் கோப்பை அறிவிக்கும் ஃபான்ட்-ஃபேஸுக்குள் சைஸ்-அட்ஜஸ்ட்: 92% என்பதுபோல் ஒரு வரி சேர்த்தால் போதும். 2023-இல் சஃபாரி 17-லும் வந்த பிறகு இதைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன். யூனிகோடில் தமிழுக்கான 128 இடங்களை மட்டும் யூனிகோட்-ரேஞ்சில் குறித்துவிட்டால், தமிழே இல்லாத பக்கத்தில் அந்தக் கோப்பு இறங்காது. கடைசியில் நிர்மலா யூஐ, லதா, தமிழ் சங்கம் எம்என் என்று கணினியிலேயே இருப்பவற்றையும் எழுதிவைப்பது நல்லது.

சாய்வெழுத்து தமிழ் அச்சில் வேரூன்றியது அல்ல. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே இல்லை. பிரவுசர் தானாகச் சாய்க்கும்போது கொம்பும் காலும் விழப்போவதுபோல் நிற்கும். தமிழ் உரைக்குள் அழுத்தம் காட்ட வரும் இஎம் டேகுக்குச் சாய்வை எடுத்துவிட்டு எழுத்தைக் கொஞ்சம் தடிமனாக்குகிறேன். இதை மொழி பார்த்துச் செய்ய எச்டிஎம்எல் டேகில் லாங் பண்பு தமிழுக்கான குறியீடான 'ta' என்று சரியாக இருக்க வேண்டும். அது திரைவாசிப்பானுக்கும் தேவை. இணைப்புகளின் அடிக்கோட்டை டெக்ஸ்ட்-அண்டர்லைன்-ஆஃப்செட் கொண்டு 0.25 எம் (எழுத்தளவில் கால் பங்கு) கீழே இறக்கினால் உகரக் குறிகள் கோட்டில் சிக்காது.

மற்றவற்றில், எழுத்தளவுக்குக் குறைந்தபட்சம், நடு, அதிகபட்சம் என்று மூன்று மதிப்பு தரும் கிளாம்ப் (மேலே சொன்ன லைன்-கிளாம்ப் வேறு) நன்றாக உழைக்கிறது, ஒரு நிபந்தனையோடு. நடு மதிப்பில் திரை அகல அலகை மட்டும் வைக்காமல் ரெம்மையும் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைச் சார்ந்த அலகு) கூட்ட வேண்டும். இல்லையென்றால் வாசகர் ஜூம் செய்தாலும் எழுத்து சரியாகப் பெரிதாகாது. வரிகளைச் சம நீளமாகப் பிரிக்கும் டெக்ஸ்ட்-ராப்: பேலன்ஸ் 2023-இல் குரோமிலும் 2024-இல் சஃபாரியிலும் வந்தது. தலைப்பின் இரண்டாம் வரியில் 'திறப்பு' என்று ஒற்றைச் சொல் அநாதையாக நிற்கும் தொல்லை அதோடு தீர்ந்தது. பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி விடும் கேப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2021-இல் சஃபாரியின் ஃபிளெக்ஸிலும் அது வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து மார்ஜின் (பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி) கணக்குகளைத் தூக்கிப் போட்டாயிற்று.

உயரத்தை மட்டும் பிக்சலில் பூட்டாதீர்கள். பட்டன், மெனு, கார்டு எதுவானாலும் ஹைட்டுக்குப் பதில் பேடிங் கொடுங்கள், தேவைப்பட்டால் மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்). 'லாகின்' இருந்த பட்டனில் 'உள்நுழைக' வரும், 'சப்மிட்' இருந்த இடத்தில் 'விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்' வந்து இரண்டு வரியாகும். பட்டன் அதோடு சேர்ந்து வளர வேண்டும். எந்தப் பக்கத்தையும் ஒப்படைக்கும் முன் அகலத்தை 320 பிக்சலுக்குக் குறைத்து ஒரு முறை, எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கி ஒரு முறை பார்க்கிறேன். பார்க்கும்போது தலைப்பில் அந்த 18 எழுத்துச் சொல்லையே போட்டுவைக்கிறேன்.