கறவை மெஷினோடு ஆறு வருஷம்: ஊத்துக்குளி பக்கத்துக் கட்டுத்தரையிலிருந்து

கறவை மெஷின் வாங்கி வருகிற தையோடு ஆறு வருஷம் ஆகிறது. வாங்கிய புதிதில் யாராவது கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். ரெண்டாம் வருஷம் கேட்டிருந்தால், எங்கள் மெஷினையே பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றிருப்பேன். இப்போது யார் கேட்டாலும், "எத்தனை மாடு கறக்குதுங்க?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன்.

எங்களுக்குக் கறவையில் எப்போதும் பன்னிரண்டு மாடு இருக்கும். ஜெர்சி கலப்பு எட்டு, எச்.எஃப். என்கிற ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பு நாலு. சினை மாடும் கிடாரிகளும் தனி. இது போக மாமியார் விட்டுக்கொடுக்காத காங்கேயம் மாடு ஒன்று, மயிலை. ஊத்துக்குளி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வெண்ணெய் ஞாபகம் வரும். இங்கே மாடு வைத்திருப்பவர்களுக்கு ஞாபகம் வருவது ஆள் பஞ்சம். திருப்பூர் பனியன் கம்பெனி வண்டி காலையில் ஊருக்குள்ளேயே வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போகிறது. அப்புறம் யார் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பிறத்தியார் மாட்டைக் கறக்க வருவார்கள்?

எங்களுக்குப் பதினஞ்சு வருஷம் கறந்த அண்ணனுக்குக் கட்டைவிரல் மடங்காமல் போயிற்று. அவர் கட்டைவிரலை உள்ளே மடக்கி, கணுவால் காம்பை அழுத்திப் பீச்சுகிறவர். அப்படிக் கறந்தால் காம்பும் கெடும், கையும் கெடும் என்று டாக்டர்கள் சொல்வார்கள்; முழுக்கையால் பிடித்து அமுக்கி விடுவதுதான் முறை. பதினஞ்சு வருஷப் பழக்கத்தை யார் மாற்றுவது? மாதம் 12,000 கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர் நின்றதும் வேறு ஆள் கிடைக்கவில்லை. நானும் வீட்டுக்காரரும் ரெண்டு மாதம் கறந்து பார்த்துவிட்டு, 2020 தையில் மெஷினுக்குப் போனோம்.

வாங்கியது தள்ளுவண்டி மாடல். 1 எச்.பி. மோட்டார், வேக்கம் பம்ப், ஒரு ஸ்டீல் வாளி, அதன் மூடிமேல் இழுப்பை விட்டுவிட்டுத் தரும் பல்சேட்டர், நாலு கப் சேர்ந்த கிளஸ்டர். 52,000 ரூபாய். வாங்கிய மூணாம் மாசமே ஊரடங்கு வந்தது. கம்பெனிகள் மூடியதும் ஊரில் எல்லோரும் சும்மா இருந்தார்கள். எனக்குத் தேவைப்படாதபோதுதான் கறக்க ஆள் கிடைத்தது.

மாட்டைப் பழக்குவது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அது நினைத்த அளவு கஷ்டமில்லை. முதல் ஒரு வாரம் கிளஸ்டரைத் தொடவே இல்லை. தீவனம் வைக்கும்போது மோட்டாரை மட்டும் ஓட விட்டோம், சத்தம் பழகட்டும் என்று. தலைச்சன் கிடாரிகள் ரெண்டே நாளில் பழகிவிட்டன. அவை கைக்கறவையே பார்த்ததில்லை. வயசான எச்.எஃப். ஒன்று, பேர் கருப்பி, பத்து நாள் உதைத்தது. கன்றை ஊட்டவிட்டுச் சுரப்பு விடவைக்கும் பழக்கத்தை நிறுத்துவதுதான் பெரிய வேலையாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து மடியைத் துடைத்து, கொஞ்சம் நீவிவிட்டால், ஒரு நிமிஷத்தில் காம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது கப்பை மாட்டிவிட வேண்டும். பாலை இறங்க வைக்கிற ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் மாட்டுக்குள் வேலை செய்வது அஞ்சிலிருந்து ஏழு நிமிஷம்தான். மடியைக் கழுவிவிட்டுப் போன் பேசப் போனீர்கள் என்றால் போச்சு. மாடு மிரண்டாலும் பாலை எக்கிக்கொள்ளும். மயிலை மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. கன்று முட்டாமல் ஒரு சொட்டு விடமாட்டேன் என்றது. வேளைக்கு ஒன்றரை லிட்டருக்காக அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று கையிலேயே விட்டுவிட்டோம்.

முதல் மாதக் கடைசியில், பால் ஊற்றுகிற கூட்டுறவு சொசைட்டியில் கொழுப்பு அளவு இறங்கியது. தீவனம் மாறவில்லை, மாடும் மாறவில்லை. ஏன் என்று புரியவே ஒரு வாரம் ஆயிற்று. மாடு விடுகிற பாலில் முதல் பால் தண்ணியாக இருக்கும், கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். நான் பயந்துகொண்டு, குழாயில் பால் ஓட்டம் குறைந்தவுடனே கிளஸ்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கொழுப்பு மடியிலேயே தங்கிவிட்டது.

இதைத் திருத்தப் போய்த்தான் நான் பெரிய தப்பைச் செய்தேன். ஒரு சொட்டுகூட விடக்கூடாது என்று, பால் நின்ற பிறகும் ரெண்டு மூணு நிமிஷம் மெஷினை விட்டு வைத்தேன். கொழுப்பு ஏறியது. சொசைட்டியில் நல்ல பேர். நாலு காம்பும் ஒரே நேரத்தில் வற்றாது. முன் காம்பு ரெண்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும், பின் காம்பில் பால் இருக்கும். அந்த இடைவெளி முழுக்க முன் காம்பு வெறும் வேக்கத்தில் இழுபட்டுக்கொண்டிருந்தது. காம்பு நுனி வெள்ளையாகத் தடித்து வளையம் மாதிரி வந்தது. பார்த்தேன், கறக்கிற மாட்டுக்கு இப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். ரெண்டாம் வருஷம் ஐப்பசி மழையில் ஒரே மாதத்தில் மூணு மாட்டுக்கு மடிநோய்.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மடியில் பூசினோம். டாக்டர் ஊசியும் போட்டார். ரெண்டு மாடு தேறியது. மூணாவது மாடான செவலைக்கு, பின்பக்க இடது காம்பு அடைத்துப் போனது. இன்றைக்கும் மூணு காம்பில்தான் கறக்கிறது.

அந்த டாக்டரம்மா செய்ததைச் சொல்ல வேண்டும். மாட்டைப் பார்த்து முடித்ததும், "மெஷினை ஓட்டுங்க" என்றார். கிளஸ்டரில் ஒரு கப்புக்குள் தன் கட்டைவிரலை விட்டு, மற்ற மூணையும் மடக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். பிறகு என் விரலை விடச் சொன்னார். உள்ளே ரப்பர் லைனர் விரலைக் கவ்வியது, விட்டது. ஆனால் முழுசாகக் கவ்வவில்லை. விரல் நுனி விண்விண்ணென்று ரத்தம் கட்டியதுபோல் ஆகிவிட்டது. "மாடு ஒரு நாளைக்கு ரெண்டு வேளை இதைத்தான் தாங்குதுங்க" என்றார்.

விடாமல் உறிஞ்சினால் காம்பில் ரத்தம் கட்டும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம். அதற்காகத்தான் 1895-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷீல்ஸ் விட்டுவிட்டு இழுக்கும் பல்சேட்டரைக் கொண்டுவந்தார். எங்கள் மெஷினில் அது நிமிஷத்துக்கு 60 தடவை அடிக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் 60 பங்கு நேரம் பால் இழுக்க, 40 பங்கு நேரம் காம்பை அமுக்கிவிட. அந்த 40 பங்கு ஒழுங்காக நடக்க லைனர் மிருதுவாக இருக்க வேண்டும். எங்கள் லைனரை வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். உள்ளே பொடிப்பொடியாக வெடிப்பு.

விற்றவர் வருஷம் ஒரு தடவை மாற்றினால் போதும் என்றிருந்தார். டாக்டரம்மா கொடுத்த கணக்கு வேறு: 2,500 கறவை அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. பன்னிரண்டு மாடு, ரெண்டு வேளை, ஒரே கிளஸ்டர் என்றால் நாளைக்கு 24 கறவை. 104 நாளில் லைனர் ஆயுள் முடிந்துவிடுகிறது. நாங்கள் ஒன்றேமுக்கால் வருஷமாக அதையே ஓட்டிக்கொண்டிருந்தோம். வேக்கம் மீட்டரும் 50 கிலோபாஸ்கலில் நின்றது. சீக்கிரம் கறக்கும் என்று மாட்டிக் கொடுத்தவரே ஏற்றி வைத்தது. அதை 42-க்கு இறக்கினோம். மாட்டுக்கு அரை நிமிஷம் கூடுதலாகிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து லைனர் மாற்றிய தேதியைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைக்கிறேன். வாரம் ஒரு தடவை நானே கட்டைவிரலை விட்டுப் பார்க்கிறேன். பால் ஓட்டம் நூலாகக் குறைந்தால், வேக்கம் வால்வை மூடிவிட்டுத்தான் கிளஸ்டரைக் கழற்றுகிறேன். இழுத்துப் பிடுங்குவது கிடையாது. கழற்றியதும் அயோடின் கரைசலில் காம்பை முக்கிவிட்டு உடனே தீவனம் போடுகிறோம். அரை மணி நேரமாவது மாடு நிற்க வேண்டும். காம்புத் துவாரம் மூடுவதற்குள் படுத்தால் சாணிக் கிருமி நேராக உள்ளே போகும். செவலையை எப்போதும் கடைசியில் கறக்கிறேன்.

கழுவுகிற வேலையை யாரும் வீடியோவில் காட்டுவதில்லை. கறந்து முடித்த கையோடு முதலில் வெதுவெதுப்பான தண்ணீர். எடுத்தவுடன் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் பால் வெந்து குழாயில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சோடா பவுடர் கலந்த சுடுதண்ணீர், பிரஷ், மறுபடி நல்ல தண்ணீர், தலைகீழாகத் தொங்கவிடுவது. வாரத்துக்கு ஒரு தடவை பால் கறை கல்லாகப் படியாமல் இருக்க ஆசிட் கரைசல். ஒரு வேளைக்கு 25 நிமிஷம், வருஷம் முழுக்க, கல்யாணமானாலும் காதுகுத்தானாலும். ஒரு சித்திரையில் சொசைட்டியில் பாலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாளியில் தப்பில்லை, கேனில் தப்பில்லை. கடைசியில் பால் குழாய் வாளிக்குள் இறங்கும் வளைவில், பிரஷ் எட்டாத ஒரு விரற்கடை இடத்தில், மஞ்சளாக ஆடை பிடித்திருந்தது. மூக்கை வைத்தால் புளித்த மோர் வாடை. அன்றைக்கு 60 லிட்டரும் முழுசாகத் தென்னைக்குப் போயிற்று.

நேரக் கணக்கைச் சொன்னால் பலபேர் நம்ப மறுக்கிறார்கள். கையில் ரெண்டு பேர் கறந்தபோது ரெண்டு மணி நேரம். ஒரே கிளஸ்டரில் மாட்டுக்கு ஏழு நிமிஷம், அதோடு கழுவும் நேரம் சேர்த்தால் ஒருத்திக்கு அதே ரெண்டு மணி நேரம். மிச்சமானது ஒரு ஆள், நேரம் இல்லை. மூணாம் வருஷம் அதே பம்பில் இன்னொரு வாளியும் கிளஸ்டரும் 14,000-க்கு வாங்கிச் சேர்த்த பிறகுதான் நேரமும் குறைந்தது. ரெண்டுக்கு மேல் ஒருத்தியால் கண்காணிக்க முடியாது. ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று வெறும் மடியில் இழுத்துக்கொண்டிருக்கும்.

கரண்டு போனால் வேக்கம் இறங்கி கப் தானாகக் கழன்று விழும், சில சமயம் சாணியில். வீட்டு இன்வெர்ட்டர் மோட்டாரைக் கிளப்பவே திணறியது. இப்போது பெல்ட்டை மாற்றி மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்ரோல் எஞ்சின் வைத்திருக்கிறோம்.

செலவு என்று பார்த்தால் வருஷத்துக்கு லைனர் 4,000 ரூபாய்க்குள், பவுடர், அயோடின், பம்ப் ஆயில் எல்லாம் மாதம் 900. கறவைக்காரருக்குக் கொடுத்த 12,000-ஐ வைத்துப் பார்த்தால் மெஷின் விலை முதல் வருஷத்திலேயே திரும்பி வந்துவிட்டது. ஆனால் அடைத்துப்போன ஒரு காம்பு, ஊசி மருந்துச் செலவு, மருந்து கொடுத்த நாட்களில் கீழே ஊற்றிய பால் இதையெல்லாம் நேர்மையாகச் சேர்த்தால் ரெண்டாம் வருஷ லாபம் பூஜ்யம். ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனபோதுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

அக்கா மகன் என்ஜினியரிங் படிக்கிறான். "ஏன் சித்தி, இதுக்கு ரோபோவே வாங்கிடலாமே" என்று போனில் காட்டினான். நெதர்லாந்தில் 1992-இலேயே பண்ணையில் வந்துவிட்டது. மாடு தீவன ஆசையில் தானே பெட்டிக்குள் போய் நிற்கிறது; கை ஒன்று வந்து காம்பைத் தேடிப் பிடிக்கிறது. ஒரு பெட்டி சுமார் 60 மாட்டுக்கு. எங்கள் பன்னிரண்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. ஆனால் ரெண்டு விஷயத்தில் எனக்குப் பொறாமையாக இருந்தது. நாலு கப்பையும் அது தனித்தனியாகக் கழற்றுகிறது. வற்றிய காம்பு முதலில் விடுதலை. ரெண்டாவது, ஒவ்வொரு காம்புப் பாலிலும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, உப்பு கூடினால் மடிநோய் வரப்போகிறது என்று சொல்லிவிடுகிறது.

என் மெஷினுக்கு அது தெரியாது. கைக்கறவை போனதும் நாங்கள் இழந்தது அதைத்தான், ரெண்டாம் வருஷம் வரை அது இழப்பு என்றே எனக்குத் தெரியவில்லை. கையால் கறக்கிறவருக்கு மடிச் சூடு தெரியும், எந்தக் காம்பு கெட்டியாக இருக்கிறது, பால் நூல் எங்கே திரிந்து விழுகிறது எல்லாம் தெரியும். கட்டைவிரலை மடக்கிக் கறந்த அந்த அண்ணன்கூட, "அம்மிணி, செவலைக்கு மடி கதகதங்குது, பாருங்க" என்று வாரத்துக்கு ஒரு சேதி சொல்வார். மெஷின் வந்ததும் அந்தச் சேதி நின்றுவிட்டது.

இப்போது மாமியார் அதைச் செய்கிறார். முழங்கால் வலியால் மயிலையைத் தவிர வேறு மாட்டை அவரால் உட்கார்ந்து கறக்க முடியாது. ஆனால் விடிகாலையில் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு முன் பாலில் திரி இருக்கிறதா என்று பார்க்கிற கருப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போவார். காம்புக்கு நாலு பீச்சு, மடியில் ஒரு கை. போன செவ்வாய்க்கிழமை, "கருப்பிக்குப் பின்னாடி வலதுல என்னமோ இருக்குது கண்ணு" என்றார். கிண்ணத்தில் ஒன்றும் இல்லை, திரி இல்லை, நிறமும் மாறவில்லை. "ஒண்ணுமில்லீங்க அத்தை" என்று மெஷினை மாட்டிவிட்டேன். வியாழக்கிழமை நாலு குழித் தட்டில் ஒவ்வொரு காம்புப் பாலையும் பிடித்து, மடிநோயைக் காட்டிக்கொடுக்கிற சி.எம்.டி. மருந்து ஊற்றிச் சுற்றிப் பார்த்தால், மூணு குழி தண்ணியாக ஓடியது. பின் வலது குழி வெண்டைக்காய்ச் சாறு மாதிரி இழுத்தது. அந்தக் காம்பை மட்டும் இப்போது கையால் கறந்து தனியாகக் கொட்டுகிறேன். கற்றாழை வெட்டப் போக வேண்டும்.