கைட்லைன் வேல்யூ: பத்திரம் எழுதப் போகும் முன் பதிவுத்துறை தளத்தில் ஐந்து நிமிடம்

தமிழ்நாட்டில் யாராவது "கைட்லைன் என்ன போகுது?" என்று கேட்டால் அது ஆபீஸ் விதிமுறையோ டாக்டர் சொல்லும் நெறிமுறையோ இல்லை, நிலம் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். பதிவுக்காக அரசு தெருவாரியாக, புல எண்வாரியாக வைத்திருக்கும் நில மதிப்புதான் கைட்லைன் வேல்யூ. பெயர்தான் வழிகாட்டி. நடப்பில் அதுதான் குறைந்தபட்ச விலை. அதற்குக் கீழே பதியப் போனால் முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் விசாரணைக்கு அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் கைட்லைன் மதிப்பு கடைசி வார்த்தை இல்லை என்று, அரசு நிறுவனமான டான்சியின் நில வழக்கில் 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது!

என் மச்சான் அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை ஒன்றை 23 லட்சத்துக்குப் பேசி முடித்தான். பத்திரம் எழுதுபவர் சதுர அடி 2,500 என்று போட்டு, 30 லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2,70,000 என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஏதோ இடித்தது. பதிவுத்துறை தளத்தைத் திறந்து, சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தெரு என்று தேடினால் 2,000தான். அப்படியானால் மதிப்பு 24 லட்சம், கட்ட வேண்டியது 2,16,000. கேட்டதற்கு "மெயின் ரோடு ரேட்டைப் பார்த்துட்டேன் சார்" என்கிறார், 54,000 ரூபாய் வித்தியாசத்துக்கு.

தேடுவதற்குக் காசு கிடையாது, அதற்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம். தெருப் பெயர் சரியாகத் தெரியாவிட்டால் புல எண்ணை (சர்வே நம்பர்) வைத்துத் தேடுங்கள். யாராவது பழைய பிரிண்ட் கொடுத்தால் மட்டும் தேதியைப் பாருங்கள், ஏனென்றால் 2017 ஜூனில் மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள், 2023 ஏப்ரலில் மதிப்பை மறுபடி ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள், அதற்குப் பிறகும் திருத்தம் வந்தது. அப்புறம், பேசிய விலை கைட்லைனைவிட அதிகம் என்றால் அந்த விலைக்குத்தான் தீர்வை. "கைட்லைனுக்கே பதிஞ்சுக்கலாம்" என்று புரோக்கர் சொல்வார், பிறகு பத்திர விலை குறைந்ததால் வங்கிக் கடன் குறைவாக வந்து நிற்கும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.

மச்சான் அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டே பத்திரம் எழுதப் போனான். தீர்வை குறைந்தது, எழுத்துக் கூலி மட்டும் குறையவில்லை.