அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஏஜென்சி: 5க்கு 4

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீடு. அம்மாவுக்கு மறதி நோய். பகல் ஷிப்டுக்கு, 12 மணி நேரம், இவர்களிடம்தான் ஆள் எடுத்திருக்கிறோம். நகை, பணம், மாத்திரை மூன்றுக்கும் முதல் நாளே எழுத்தில் கணக்கு வைத்துவிடுகிறார்கள். நான் இவர்களைத் தைரியமாகச் சிபாரிசு செய்வது அதற்காகத்தான்.

வேலைக்கு வந்த அக்காவுடன் சூப்பர்வைசரும் வந்தார். அம்மா உடம்பில் என்னென்ன நகை இருக்கிறது என்று எழுதி, போட்டோ எடுத்து, எங்கள் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். ஒரு ஜோடி தோடு, இரண்டு வளையல், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அம்மா, “இவ என் மூக்குத்தியை எடுத்துட்டா” என்று ஆரம்பித்துவிட்டார். இந்த நோயில் அப்படிச் சந்தேகப்படுவது சகஜம். பொருளை எங்கோ வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் மேல் பழி போடுவார்கள். பாவம், அந்த அக்கா அழுதே விட்டார். தாளை எடுத்துப் பார்த்தால் அதில் மூக்குத்தியே இல்லை. அது எப்போதோ பேங்க் லாக்கருக்குப் போய்விட்டது. ஊரிலிருந்து போனில் கத்திக்கொண்டிருந்த அண்ணனுக்கு அந்தத் தாளைத்தான் அனுப்பினேன். அதோடு அடங்கினான்.

மாத்திரையில் இன்னும் கவனம். தூக்க மாத்திரையைக் கூடுதலாக ஒன்று கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, செல்போனில் உட்கார்ந்துவிடும் ஆட்கள் உண்டு. இங்கே காலி அட்டையைக் குப்பையில் போடக்கூடாது, டப்பாவில் சேர்க்க வேண்டும். வாராவாரம், மாத்திரை கொடுத்ததை எழுதும் சார்ட்டோடு வைத்து எண்ணிவிடுகிறேன். டயபருக்கும் அதே கணக்கு.

ஏடிஎம் கார்டு, ஜிபே எதையும் வேலையாள் தொடக்கூடாது. பெரியவர்களிடம் கடன் கேட்கக்கூடாது. அவசரமென்றால் ஆபீசில் அட்வான்ஸ் தருகிறார்கள். இதன் அருமை எனக்குத் தெரியும். சித்தப்பா வீட்டில் வேறொரு ஏஜென்சி ஆள் பென்ஷன் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, போனுக்கு வந்த மெசேஜையும் அழித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, “ஆளை மாத்தித் தர்றோம் சார், போலீஸ் எல்லாம் வேண்டாம்” என்றார்கள். இவர்கள் ஒப்பந்தத்தில், திருட்டு நடந்தால் நாம் புகார் கொடுக்கலாம், ஆளின் ஆவணங்களை ஏஜென்சி தரும் என்று தெளிவாக இருக்கிறது.

போலீஸ் சரிபார்ப்புச் சான்றும் காட்டினார்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இதற்கு நாமே விண்ணப்பிக்கவும் முடியும். ஆனால் வழக்கு ஏதும் இருக்கிறதா என்பதற்கு மேல் அதில் எதுவும் தெரியாது. இதுவரை மாட்டாத திருடனும் அதில் சுத்தமாகத்தான் இருப்பான். அதனால் கார்டில் தினமும் எடுக்கக்கூடிய தொகையை வங்கி ஆப்பில் குறைத்து வையுங்கள். முதியோரை யாராவது ஏமாற்றினாலோ கொடுமைப்படுத்தினாலோ 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் சொல்லலாம்.

ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன்? பொங்கலுக்கு அக்கா ஊருக்குப் போனபோது சொன்னபடி மாற்று ஆள் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் கட்டும் பணத்தில் அந்த அக்கா கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் ஆபீசில் மழுப்புகிறார்கள். அவரிடமே கேட்டேன், பாதிக்குச் சற்று மேல்தானாம். நாள் முழுக்க அம்மாவைத் தூக்கி, குளிப்பாட்டி, சோறூட்டுகிறவருக்கு இது அநியாயம். எங்களிடம் இவ்வளவு கணக்கு எழுதி வாங்குகிறவர்கள், அவருடைய பங்கையும் பில்லில் எழுதட்டும். அன்றைக்கே அந்த 1 மதிப்பெண்ணையும் சேர்த்துவிடுகிறேன்.