பொமொடோரோ டைமரும் ஆர்க் மோடு கடிகாரமும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மென்பொருள் எழுதுகிறவர்களிடம் நேர மேலாண்மை என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் பெயர் பொமொடோரோ. 1980களின் இறுதியில் இத்தாலியில் கல்லூரி மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு படித்ததில் பிறந்த முறை. 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்தால் சற்று நீண்ட ஓய்வு, அவ்வளவுதான். சில ஆண்டுகள் இதை விடாப்பிடியாகப் பின்பற்றினேன். இப்போது, நிரலும் உரையும் எழுத உதவும் ஈமேக்ஸ் என்ற மென்பொருளுக்குள் இருக்கும், வேலைப் பட்டியல் எழுதுவதற்கான ஆர்க் மோடின் கடிகாரத்துக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நட்சத்திர மதிப்பீடு எதுவும் தரப்போவதில்லை. எந்த வேலைக்கு எது ஒத்துவந்தது, எது காலை வாரியது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என் வேலையின் அமைப்பைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. சென்னையில் இருந்துகொண்டு, பணப் பரிவர்த்தனைச் சேவை ஒன்றின் பின்தளத்தில், அதாவது பயனர் கண்ணில் படாத சர்வர் பகுதியில், வேலை. அணியில் பாதிப்பேர் நியூயார்க்கில். காலை பத்தரைக்கு இங்குள்ளவர்களின் கூட்டம், இரவு எட்டரைக்கு அங்குள்ளவர்களுடன் அழைப்பு. நவம்பர் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னே தள்ளிவைத்தால் எட்டரை ஒன்பதரையாகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அதே நிலைதான். நேர மேலாண்மை அறிவுரைகள் எல்லாம் காலையில் தொடங்கி மாலையில் முடியும் ஒரே நீளமான நாளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. அப்படி ஒரு நாள் எங்களில் பலருக்கு வாய்ப்பதே இல்லை.

பொமொடோரோவின் உண்மையான பலம், வேலையைத் தொடங்க வைப்பது. யாரோ எழுதிவிட்டுப் போன பழைய நிரலுக்குச் சோதனைகள் எழுத வேண்டும், அல்லது நான்கைந்து நிரல் நூலகங்களை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளை) புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும் என்றால் மனம் ஆயிரம் சாக்குச் சொல்லும். "25 நிமிடம் மட்டும்" என்றால் இறங்கிவிடும். சக ஊழியரின் நிரலைச் சரிபார்க்கும் வேலைக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது. நூற்றுக்கணக்கான வரிகளைத் தொடர்ந்து படித்தால் ஒரு கட்டத்துக்குமேல் கண் ஓடும், புத்தி ஓடாது. அந்த நேரத்தில் மணி அடிப்பது நல்லதுதான்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி இந்த முறையில் உண்டு. இடையூறு வந்தால் அதைத் தாளில் குறித்துவிட்டு வேலையைத் தொடர வேண்டும். நமக்குள்ளிருந்து கிளம்பிய இடையூறுக்கு ஒற்றை மேற்கோள் குறி, வெளியிலிருந்து வந்ததற்கு ஒரு சிறு கோடு. மாலையில் தாளைப் பார்த்தால் கோடுகளைவிட மேற்கோள் குறிகளே அதிகம் இருக்கும். மின்கட்டணம் கட்டியாயிற்றா, அந்தப் பிழைக்கு வேறு யாராவது தீர்வு எழுதியிருக்கிறார்களா, மதியச் சாப்பாட்டுக்கு என்ன... இப்படி. அலுவலக அரட்டைச் செயலியின் அறிவிப்புகளை நிறுத்தலாம். இவற்றை நிறுத்த எந்தப் பொத்தானும் கிடையாது. டைமரை விட்டுவிட்டாலும் இந்தத் தாளை விடாதீர்கள் என்பேன்.

பொமொடோரோ சறுக்குவது பிழை தேடும்போது. ஓர் உதாரணம். ஒரு வாடிக்கையாளரிடம் ஒரே தொகை இரண்டு முறை பிடிக்கப்பட்டிருக்கிறது. செயலி 30 விநாடி காத்திருந்து, பதில் வராததால் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பியிருக்கிறது. முதல் கோரிக்கையின் பரிவர்த்தனை தரவுத்தளத்தில் இன்னும் உறுதியாகப் பதியவில்லை. ஆகவே "இந்தக் கோரிக்கை ஏற்கெனவே வந்ததா?" என்று இரண்டாவது கோரிக்கை தேடும்போது அதன் கண்ணுக்கு எதுவும் படாது, அதுவும் பணத்தைப் பிடித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, எந்த இழை (நிரலில் இணையாக ஓடும் பகுதி) எப்போது எதைப் படித்தது, எது எதற்கு முன் நடந்தது என்ற முழுப் படத்தையும் தலைக்குள் தூக்கிப் பிடிக்க வேண்டும். அது உருவாகிவரும் வேளையில் மணி அடிக்கிறது. மணி அடித்தால் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது முறையின் கறாரான விதி. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் படம் கலைந்திருக்கும். மறுபடியும் பதிவுக் கோப்பின் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். (தீர்வு என்னவோ தரவுத்தள அட்டவணையில் ஒரே ஒரு தனித்துவக் கட்டுப்பாடு, அதாவது ஒரே கோரிக்கை இரண்டாம் முறை பதிவதைத் தடுக்கும் விதி.) 50 நிமிடம், 90 நிமிடம் என்று நீட்டிப் பார்த்தும் பயனில்லை. பிழைக்கு மணிக்கணக்கு தெரியாது.

ஆர்க் மோடு இதற்கு நேரெதிர். ஆம்ஸ்டர்டாமில் வானியலாளராக இருக்கும் கார்ஸ்டன் டொமினிக் 2003-இல் தொடங்கியது. 2007-இல் வெளிவந்த ஈமேக்ஸ் 22 முதல் ஈமேக்ஸுடனேயே கிடைக்கிறது. வேலைகளைத் தலைப்புகளாக ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதுகிறோம். ஒரு தலைப்பில் நின்று கடிகாரத்தைத் தொடக்கினால் நேரம் முன்னோக்கி ஓடும். நிறுத்தினால் தொடக்கம், முடிவு, கால அளவு மூன்றும் அந்தத் தலைப்பின் கீழ் ஒரு வரியாகப் பதிவாகும். எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று அது உத்தரவு போடுவதில்லை. எப்போது எழுந்தோம் என்று எழுதிவைத்துக்கொள்கிறது.

வார இறுதியில் எல்லா வரிகளையும் கூட்டி அட்டவணையாகவும் தரும். எனக்கு அந்தக் கூட்டுத்தொகையைவிட வரிகளே பெரிதும் உதவின. இரண்டு வேலைகளுக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் என்று அட்டவணை சொல்லும். பிரித்துப் பார்த்தால் ஒன்றின் கீழ் ஒன்றரை, இரண்டு மணி நேரத் துண்டுகள் நான்கு. மற்றதன் கீழ் எட்டு நிமிடம், பதினொரு நிமிடம், ஆறு நிமிடம் என்று பொடிப்பொடியாக ஒரு பக்கம். முதல் வேலை முடிந்திருக்கும், இரண்டாவது அப்படியே கிடக்கும். முற்பகலில் இடைவெளி விட்டு நடந்துகொண்டிருந்த இரண்டு கூட்டங்களை ஒட்டி வைக்கும்படி மேலாளரிடம் கேட்டபோது இந்த வரிகளைத்தான் காட்டினேன். "கவனம் சிதறுகிறது" என்று வாயால் சொன்னபோது நகராத கூட்டம், அதைப் பார்த்ததும் நகர்ந்தது.

குறைகளும் உண்டு. ஈமேக்ஸ் பழகாதவர் இதற்காக மட்டும் அதைக் கற்பது வீண் வேலை. பழகியவருக்கோ அமைப்புக் கோப்பைத் திருத்திக்கொண்டே நாளை ஓட்டிவிடும் ஆபத்து. நேரத்தை மிச்சப்படுத்தும் கருவியைச் சீர்செய்ய எத்தனை மணி நேரம் போயிற்று என்பதையும் அதே கருவி பதிந்து காட்டும்போது சிரிப்புத்தான் வருகிறது. விசைப்பலகையை நாம் குறிப்பிட்ட நேரம் தொடாமலிருந்தால், திரும்பியதும் "அந்த நேரத்தைக் கழிக்கவா, வைத்துக்கொள்ளவா?" என்று கேட்க வைக்கும் வசதி இதில் இருக்கிறது. சாப்பிடப் போனவருக்கு இது உதவும். தாளில் படம் போட்டு யோசித்துக்கொண்டிருந்தவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். நான் பெரும்பாலும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன், என் வேலையில் பாதி விசைப்பலகைக்கு வெளியேதான் நடக்கிறது.

கடிகாரத்தை நிறுத்துவதற்குமுன் ஒரு வரி எழுதும் பழக்கம் இதோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போகும்போது கவனத்தில் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று 2009-இல் எழுதியவர் ஆய்வாளர் சோஃபி லெராய். எங்கே விட்டோம், திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சுருக்கமாகக் குறித்துவிட்டுப் போனால் அந்தப் பாதிப்பு குறைகிறது என்று பின்னர் தெரேசா கிளாமுடன் சேர்ந்து காட்டினார். என் குறிப்புகள் இப்படி இருக்கும்: "இரண்டாவது கோரிக்கை வரும்போது முதலாவது உறுதியாகிவிட்டதா? 30 விநாடி இடைவெளியில் வந்த பதிவுகளை மட்டும் பார்." இரவு அழைப்பு முடிந்து, மறுநாள் காலை திரையைத் திறக்கும்போது இந்த ஒரு வரி அரை மணி நேரத்தை மீட்டுக்கொடுக்கிறது. எந்த உரைக் கோப்பிலும், ஏன், பழைய டைரியிலும்கூட இதை எழுதலாம்.

இன்றைக்கு என் ஏற்பாடு கலப்படம்தான். நிரல் சரிபார்ப்புக்கும் சலிப்பூட்டும் வேலைக்கும் டைமர். பிழை தேடவும் புதிதாக எழுதவும் ஆர்க் மோடு. சேவை விழுந்தால் நள்ளிரவிலும் எழுப்பப்படும் அவசரப் பணி வாரத்தில் இரண்டுமே செல்லாது, அப்போது என் நேரத்தை எச்சரிக்கை மணிதான் நிர்வகிக்கிறது. ஆனாலும் கடிகாரத்தை ஓடவிட்டே வைக்கிறேன். மறுநாள் சம்பவ அறிக்கையில் எத்தனை மணிக்கு எதைப் பார்த்தோம், எத்தனை மணிக்கு எதை மாற்றினோம் என்று நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு அந்த வரிகளை அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம்.