ரோம் – பாரசீகம் பலகை விளையாட்டு: 79 வெள்ளிக்கு ஒரு நாள் போச்சு

சிங்கப்பூர் பிராஸ் பசா பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் தங்கக் காசு வில்லைகளில் ஆறு குறைகிறது, கடைக்குப் போன் போட்டால் "கம்பெனிக்கு எழுதுங்க" என்று வைத்துவிட்டார்கள். சரி என்று குறைந்ததுக்குப் பதிலாகப் பத்துக் காசு நாணயங்களை வைத்து ஆடினோம். கடைக்கு ஒரு நட்சத்திரம், ஆட்டத்துக்கு நாலு.

மச்சான் ரோம், என் மகன் பாரசீகம். ஆட்டம் கி.மு. 53-இல் தொடங்குகிறது, அதாவது எதிரில் இருப்பவர்கள் அப்போது பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்கள். ஆர்மீனிய மலைப் பாதை திறந்திருந்தும் மச்சான் அச்சு அசல் ரோமத் தளபதி கிராசஸ் மாதிரியே வெட்டவெளியில் இறங்கினார். குதிரை வில்லாளிகள் சுற்றிச் சுற்றி அடிக்க, "எவ்ளோ நேரம்டா, அம்பு தீரும்ல" என்று தெம்பாக உட்கார்ந்திருந்தார். மகன் மெதுவாக ஒட்டக அட்டையை வைத்தான். ஒட்டகம் ஒட்டகமாக அம்பு வந்துகொண்டே இருந்தது. கிராசஸ் தோற்ற கார்ஹே போரில் ரோமர்களும் இதே கணக்குப் போட்டுத்தான் மாட்டினார்கள்.

கி.பி. 260-இல் ரோமப் பேரரசர் வலேரியன் பாரசீகர்களிடம் பிடிபடுவது ஒரே அட்டையில் முடிந்துவிடுகிறது, அதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் நிசிபிஸ், தாரா என்ற இரண்டு எல்லைக் கோட்டைகளுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் போகிறது. போரடிக்கிறது என்பார்கள், ஆனால் அந்தச் சண்டையே அப்படித்தானே, பிடிப்பதும் விடுவதும் திரும்பப் பிடிப்பதும். 532-இல் 'முடிவில்லா அமைதி' என்று ஒப்பந்தம், ரோம் 11,000 பவுண்டு தங்கம் கொடுக்க வேண்டும். மச்சான் என் பத்துக் காசு நாணயங்களை எண்ணி எண்ணி வைத்தார். எட்டே வருஷம், 540-இல் மகன் நேராக ரோமர்களின் பெரிய நகரமான அந்தியோக்கியாவுக்குள் புகுந்துவிட்டான். பாரசீக மன்னர் குஸ்ரோவும் அதைத்தான் செய்தார் என்றால் மச்சான் கேட்கிற மனநிலையில் இல்லை.

ஒரு நட்சத்திரம் குறைத்தது முடிவுக்காக. 628-இல் நிறுத்தி, புள்ளி கூட்டி, ஒருவர் ஜெயித்தார் என்கிறது. இரண்டு பேருமே ஓய்ந்துபோய், 636-இல் யார்முக்கில் அரபுப் படையிடம் ரோமர்கள் தோற்று, பாரசீகத் தலைநகரும் சீக்கிரமே போனதெல்லாம் இதில் இல்லை. மூணு புள்ளியில் மகன் ஜெயித்தானாம்!

முக்கியமான விஷயம், பெரிய மேசை வேண்டும். எங்கள் நாலறை வீட்டில் அன்று ராத்திரி எல்லோரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.