ஓடிகே கலெக்ட்: 2013 முதல் என் பையில் இருக்கும் சர்வே செயலி

செல்போன் வந்த பிறகு மக்களின் தொழிலும் கைக்காசும் எப்படி மாறுகின்றன என்பதைப் படிப்பது என் வேலை. குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில்தான் என் கள ஆய்வில் பெரும்பகுதி. எங்கள் துறைக் கட்டுரைகளில் ‘தரவுகள் ஓடிகே மூலம் திரட்டப்பட்டன’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். பிஎச்.டி. மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்பதோ அந்த ஒரு வரியைப் பற்றித்தான். எந்தச் செயலி, எவ்வளவு செலவு, தமிழ் வருமா, நெட் இல்லாத இடத்தில் என்ன செய்வது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதலில், இது இல்லாத காலம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். 2006இல் என் சொந்த பிஎச்.டி.க்குக் காகித வினாத்தாள் வைத்துத்தான் சர்வே எடுத்தேன். ஒருவருக்குப் பதினான்கு பக்கம். ஜெராக்ஸ் கட்டுகளைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு போவேன். கடல் காற்றில் தாள் நமுத்துப் பேனா மை பரவும். எல்லாம் முடிந்து, வீட்டில் உட்கார்ந்து கணினியில் ஏற்ற மூன்று மாதம் ஆனது. ஏற்றி முடித்த பிறகுதான் 23ஆம் கேள்வியைப் பாதிப் பேர் ஒரு விதமாகவும் மீதிப் பேர் வேறு விதமாகவும் புரிந்துகொண்டிருந்தது தெரிந்தது. திரும்பிப் போய்க் கேட்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. அந்தக் கேள்வியை ஆய்வேட்டிலிருந்து நீக்கினேன். இன்றும் அது எனக்கு வருத்தம்தான்.

ஓடிகே (ஓபன் டேட்டா கிட் என்பதன் சுருக்கம்) 2008இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சியாட்டில் நகரில் பிறந்தது. கயெட்டானோ போரியெல்லோ என்ற பேராசிரியரும் யா அனோக்வா, கார்ல் ஹார்ட்டுங் உள்ளிட்ட அவருடைய மாணவர்களும் உருவாக்கினார்கள். ஆண்ட்ராய்டு போன்கள் கடைக்கு வந்துகொண்டிருந்த ஆண்டு அது. நெட்வொர்க் எட்டாத ஊரில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர் காகிதத்துக்குப் பதிலாகப் போனில் விவரம் பதிய வேண்டும், சிக்னல் கிடைத்ததும் அது தானாகப் போய்ச் சேர வேண்டும். இந்த எண்ணத்தைச் சுற்றித்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். போரியெல்லோ 2015இல் காலமானார். அவருடைய மாணவர்கள் வளர்த்த அந்தச் செயலியை இன்றும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்; அதன் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

2013இல் குளச்சல் பக்கம் ஒரு சர்வேயில் முதல் முறையாக அதைப் பயன்படுத்தினேன். முதல் நாளிலேயே அது தன் மதிப்பைக் காட்டிவிட்டது. ‘உங்களிடம் செல்போன் இருக்கிறதா?’ என்பது என் முதல் கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே விடைகள். மீன் விற்கும் ஓர் அக்கா சொன்ன பதில் இது: “வீட்ல ஒண்ணு கெடக்கு டீச்சர். அவிய கடலுக்குப் போவும்போது எடுத்துட்டுப் போயிருவாவ.” இதற்கு ஆம் போடுவதா, இல்லை போடுவதா? என்னோடு வந்த மூன்று மாணவிகளில் இரண்டு பேர் இத்தகைய பதில்களுக்கு ஆம் என்றும் ஒருத்தி இல்லை என்றும் போட்டிருந்தார்கள். அன்று இரவே விடைகளைத் திறந்து பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது. அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததாக, ‘அந்தப் போன் பகலில் யார் கையில் இருக்கும்?’ என்று ஒன்றைச் சேர்த்தேன். மறுநாள் காலை டீக்கடை வாசலில் நின்று மூவரும் புதிய ஃபார்மை இறக்கிக்கொண்டார்கள். முதல் நாள் பார்த்தவர்களிடம் போய் அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்பக் கேட்டோம். பெண்களின் செல்போன் உபயோகம் பற்றி நான் பிறகு எழுதியதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து முளைத்தது. காகிதமாக இருந்திருந்தால் அதுவும் 23ஆம் கேள்வியின் கதிக்குப் போயிருக்கும்.

ஆகவே இந்தச் செயலியைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். காகிதமும் டேட்டா என்ட்ரி செலவும் மிச்சமாவது சிறிய லாபம். கேட்ட கேள்வி தவறு என்பது அன்றைக்கே, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஆய்வாளருக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

ஃபார்ம் தயாரிப்பது எக்ஸெல் தாளில். எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்று அதற்குப் பெயர். ஒரு தாளில் கேள்விகள், இன்னொன்றில் விடைத் தேர்வுகள், மூன்றாவதில் ஃபார்மின் பெயரும் பதிப்பு எண்ணும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. படகு இல்லை என்றவரிடம் டீசல் செலவைக் கேட்காமல் தாண்ட வேண்டுமா, ‘ரெலவன்ட்’ என்ற கட்டத்தில் ஒரு நிபந்தனை எழுதினால் போதும். வயது 180 என்று விரல் தவறிப் போட்டால் ஏற்கக் கூடாதா, ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ கட்டத்தில் எழுதலாம். இரண்டு நாள் உட்கார்ந்தால் பழகிவிடும். ஆனால் அந்தக் கட்டளைச் சொற்கள் எல்லாமே ஆங்கிலம். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் ஃபார்ம் ஏறாது. வரும் பிழைச் செய்தியைப் புரிந்துகொள்வதும் எளிதல்ல. தமிழ் வழியில் படித்து வந்த மாணவர்கள் இங்கேதான் தளர்ந்துபோகிறார்கள். அவர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து முதல் ஃபார்மை நானே சேர்ந்து செய்வேன். அதற்குப் பிறகு அவர்களுக்குத் துணை தேவைப்பட்டதில்லை.

தமிழ் வருமா என்றால், நன்றாக வரும். கேள்விக்குத் தமிழ் ஒரு நெடுவரிசை, ஆங்கிலம் ஒரு நெடுவரிசை என்று எக்ஸெல்லில் வைத்தால், போனில் மொழியை மாற்றிக்கொள்ளலாம். 2013இல் நாங்கள் வாங்கிய மலிவு விலைப் போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அது போனின் குறை. அப்போது கேள்விகளைப் படமாக்கி இணைத்தோம், ஏனென்றால் கேள்வியோடும் விடையோடும் படமோ ஒலியோ சேர்க்க ஓடிகே இடம் கொடுக்கிறது. இந்த வசதியைத் தமிழ் சரியாக வந்த பிறகும் நான் விடவில்லை. எங்கள் துறையில் 1989இல் ஃப்ரெட் டேவிஸ் வகுத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியைப் படிக்காதவர் இருக்க மாட்டார்கள். ஒரு கருவி பயன்படும் என்ற எண்ணமும் கையாள எளிது என்ற எண்ணமும்தான் மக்களை அதன் பக்கம் இழுக்கின்றன என்கிறது அது. அதை அளக்க ‘முழுமையாக உடன்படுகிறேன்’ முதல் ‘முழுமையாக மறுக்கிறேன்’ வரை ஏழு படிகள் கொடுப்பார்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வெயிலில் நிற்கும் ஒருவரிடம் அந்த ஏழு சொற்றொடரையும் வாசித்துக் காட்டிப் பாருங்கள். நான் அவற்றை ஐந்தாகக் குறைத்து, காலிக் கூடையிலிருந்து நிறைந்த கூடை வரை ஐந்து படங்கள் வரைந்து இணைத்தேன். படத்தைத் தொட்டுக் காட்டிப் பதில் சொன்னார்கள்.

யூபிஐ வந்த பிறகு எங்கள் கேள்விகளும் மாறின. 2022இல் மீன் சந்தையில் ஒரு மாணவி எடுத்த சர்வேயில், ‘க்யூஆர் அட்டை வைத்திருக்கிறீர்களா?’ என்பதற்கு ஆம் என்று நிறையப் பதில்கள். டிஜிட்டல் பணம் பெண்களைச் சென்று சேர்ந்துவிட்டது என்று எழுதிவிடலாம் போல இருந்தது. ஓர் அம்மா பேச்சுவாக்கில், “ரூவா மவன் கணக்குலல்லா விழும்” என்றார். மாணவி அதைக் குறிப்புப் பகுதியில் அப்படியே ஒலிப்பதிவாகச் சேர்த்திருந்தாள். இரவில் கேட்டேன். மறுநாள் ‘அட்டை யார் பெயர்க் கணக்கோடு இணைந்திருக்கிறது?’ என்ற கேள்வி ஃபார்மில் ஏறியது. இந்த முறை யாரும் எதையும் இறக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது புதிய பதிப்பை வெளியிட்டால், நெட் கிடைத்தவுடன் போன்கள் தாமாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிடலாம். விற்ற காசு கைக்கு வராததால் சீட்டுக்குக் கட்டத் தனியாகப் பணம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்று பல பெண்கள் சொன்னார்கள். அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நடுவில் புதிய கேள்வி சேர்ப்பதில் சிக்கல் இல்லை. எக்ஸெல் தாளில் பழைய கேள்விக்குக் கொடுத்த உள்பெயரை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். மாற்றினால் முன்னால் வந்த விடைகளும் பின்னால் வந்தவையும் வெவ்வேறு நெடுவரிசையில் போய் விழும்.

ஆடிட் பதிவு என்று ஒரு வசதி உண்டு. சர்வே எடுப்பவர் ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை நொடி இருந்தார் என்பதை அது குறித்துக்கொள்ளும். கூலிக்கு ஆள் வைத்துச் சர்வே எடுப்பவர்கள் இதை மிகவும் விரும்புவார்கள். எனக்கு ஒரு தயக்கம் உண்டு, காரணத்தோடு. எங்களோடு வேலை செய்த உள்ளூர்ப் பெண் ஒருவர் மொத்த ஃபார்மையும் நான்கே நிமிடத்தில் முடித்திருந்தார். பதிவை மட்டும் பார்த்தால் பொய்யாக நிரப்பியிருக்கிறார் என்றுதான் தோன்றும். அடுத்த நாள் அவர் பின்னாலேயே போனேன். திண்ணையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசினார். போன் முழுவதும் மடியிலேயே இருந்தது. எழுந்து வெளியே வந்த பிறகு வேப்பமரத்தடியில் நின்று மளமளவென்று பதிந்தார். “போனை நீட்டிப் பிடிச்சா அவிய பேச்சை நிறுத்திருவாவ டீச்சர்” என்றார். எங்கள் எல்லோரையும்விட அவர் கொண்டுவந்த விடைகள்தான் செறிவாக இருந்தன. ஆடிட் பதிவை வையுங்கள்; ஆனால் வைத்திருப்பதை வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கூடப் போய்ப் பார்க்காமல் அதை வைத்து யாரையும் சந்தேகப்படாதீர்கள்.

குறைகள் என்று பார்த்தால், ஓடிகேயின் போன் செயலியான கலெக்ட் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் ஓடும். ஐபோன் வைத்திருப்பவர் உலாவி வழியாக நிரப்பலாமே தவிர இந்தச் செயலியை நிறுவ முடியாது. இரண்டாவது, சர்வர். செயலி இலவசம் என்றாலும் விடைகள் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். முன்பு அக்ரிகேட் என்று ஒன்று இருந்தது, இப்போது சென்ட்ரல். அதை நாமே வாடகை சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். நிறுவத் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். தெரியாதவர்கள் கட்டணம் செலுத்தி ஓடிகே குழுவினரின் சேவையையே எடுத்துக்கொள்ளலாம். உதவித்தொகை இல்லாத மாணவருக்கு இரண்டுமே கொஞ்சம் பாரம்தான். அவர்களுக்கு நான் கோபோ டூல்பாக்ஸைச் சொல்வேன். ஹார்வர்டின் மனிதாபிமான உதவி ஆய்வுக் குழுவில் தொடங்கியது அது. அதன் போன் செயலி ஓடிகேயின் மேலேயே கட்டப்பட்டது. ஃபார்மை உலாவியிலேயே கேள்வி கேள்வியாகச் சேர்த்து உருவாக்கலாம், சர்வர் கவலை இல்லை. ஒன்றில் செய்த எக்ஸெல் ஃபார்மைப் பெரும்பாலும் இன்னொன்றுக்கு எடுத்துப் போகலாம் என்பதால், பிறகு மனம் மாறினாலும் உழைப்பு வீணாகாது.

விடைகளை அனுப்பும் வரை அவை போனில் மட்டுமே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. முட்டத்தில் ஒரு மாணவனின் போன் பாறையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது. இரண்டு நாள் உழைப்பு அதிலேயே போயிற்று. அன்றிலிருந்து, அனுப்பாமல் சாப்பிடப் போகக் கூடாது என்பது எங்கள் குழுவின் வழக்கம். தானாக அனுப்பும் அமைப்பையும் இயக்கி வைத்திருக்கிறோம்.

இன்னொரு புதிய வசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2007இல் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் வெளியிட்ட கேரள மீன் சந்தைக் கட்டுரைதான் என்னை இந்தத் துறையில் உறுதியாக நிற்க வைத்தது. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் 15 கடற்கரைச் சந்தைகள். செல்போன் அங்கே வருவதற்கு முன்பிருந்தே வாரந்தோறும் விலை விவரம் திரட்டியதால்தான், போன் வந்த பிறகு ஊருக்கு ஊர் இருந்த விலை வித்தியாசம் சுருங்கியதையும், வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது நின்றுபோனதையும் அவரால் காட்ட முடிந்தது. ஒரே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்பதை நான் அதில் கற்றுக்கொண்டேன். காகிதத்தில் எனக்கு அது கைகூடவில்லை. ஓடிகேயில் இப்போது என்டிட்டி என்று ஒன்று வந்திருக்கிறது. போன முறை ஒருவர் சொன்ன விவரம் இந்த முறை ஃபார்மிலேயே வந்து நிற்கும். ‘போன தடவை மகன் கணக்கு என்றீர்கள், இப்போதும் அப்படித்தானா?’ என்று அங்கிருந்தே தொடங்கலாம். இரண்டு சுற்றுகள் அப்படி முடித்திருக்கிறோம். மூன்றாவது, தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு.

இந்த மாதம் புதிதாகச் சேர்ந்த மாணவிக்கு ஒரு பழைய போனைக் கொடுத்து, ஆறே கேள்விகள் கொண்ட ஃபார்ம் ஒன்றை அவளையே செய்ய வைத்தேன். சனிக்கிழமை நாகர்கோவில் வடசேரி சந்தைக்குப் போய்ப் பத்துப் பேரிடம் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். மூன்று மணிக்கே போன் வந்தது. “மேடம், நாலாவது கேள்வியை யாருமே நான் நினைச்ச மாதிரி எடுத்துக்கல, மாத்திட்டு மறுபடி போகட்டுமா?” என்றாள்.