கார் ஷெட் தச்சுப் பட்டறைக்கு நாலடி எல்இடி பேட்டன்: ஒரு வருட அனுபவம்

கும்பகோணத்தில் வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்தான் என் தச்சுப் பட்டறை. 10க்கு 18 அடி, பூச்சு, பெயின்ட் எல்லாம் முடிந்த இடம் (கார் வேப்பமரத்தடியில் நிற்கிறது, அதற்கு வீட்டில் தினமும் பாட்டு). இருந்தது பின்சுவரில் சோக் போட்ட பழைய 36 வாட் டியூப் ஒன்றுதான். மேசைமேல் குனிந்தால் என் தலை நிழலே ரம்பக் கோட்டை மறைக்கும், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிவிட்டால் அதுவும் சிமிட்ட ஆரம்பித்துவிடும்.

நாலடி, 20 வாட் பேட்டன் (டியூப் போல நீளமான எல்இடி விளக்கு) ஆறு வாங்கினேன், ஒன்று 260 ரூபாய். லூமன், அதாவது விளக்கு தரும் மொத்த வெளிச்சம், எவ்வளவு என்று கேட்டால் கடைக்காரர் "வாட்ஸ் சொல்லுங்க சார்" என்கிறார். பெட்டியில் பொடி எழுத்தில் 2000 என்று இருந்தது. ஆறும் சேர்ந்து 12,000, தரைக்குக் கணக்குப் போட்டால் 700 லக்ஸ் (சதுர மீட்டருக்கு இத்தனை லூமன்) வரும், சுவரும் மரத்தூசியும் தின்றது போக பாதி மிஞ்சினாலே எனக்குப் போதும். சுவரை வெட்டிப் பைப் புதைக்க மனசு வரவில்லை, பிவிசி கேசிங் அடித்தே ஒயர் இழுத்தோம்.

உண்மையில் வித்தியாசம் எண்ணிக்கையில் இல்லை, மாட்டிய இடத்தில்தான். இரண்டு பேட்டனை மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே மாட்டியதும் நிழல் போயிற்று.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம் கலந்த வெள்ளை, குறைந்தால் மஞ்சள். கேட்காவிட்டால் 6500 கெல்வினைத்தான் எடுத்துத் தருவார்கள். முதலில் அதைத்தான் மாட்டினேன், தேக்குக்குப் பாலிஷ் போட்டு வாசலுக்கு எடுத்து வந்து பார்த்தால் நிறமே வேறு. மேசைக்கு மேலிருந்த இரண்டையும் 4000க்கு மாற்றிய பிறகுதான் சரியாயிற்று. இன்னொன்று, கடையிலேயே எரியவிட்டு மொபைல் கேமராவில் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் வெளிச்சம் துடிக்கிறது என்று அர்த்தம், வாங்காதீர்கள். சோக் டியூப் நொடிக்கு 100 தடவை துடிக்கும், அந்த வெளிச்சத்தில் சுற்றுகிற ரம்பம் சில சமயம் நிற்பது போலவே தெரியும். விரல் போகிற விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. கூட வரும் ஒயர் ஒரு சாண்கூட இல்லை. ஐப்பசி மழையில் ஒன்று டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்ட் கொடுக்கும் உள் சர்க்யூட்) போய் அணைந்தது, பில் இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம் பச்சைப் பூச்சி! அந்த மாதத்தில் ஷட்டரைத் திறந்து வைத்தால் வார்னிஷ் முழுக்க அதுதான் ஒட்டியிருக்கும், அதனால் வாசல் பக்கத்து இரண்டுக்குத் தனி ஸ்விட்ச் வைத்துவிட்டேன்.

டிரில்லிங் மெஷின் மூலை மட்டும் இன்னும் இருட்டு. அடுத்த மாதம் அங்கே ஒன்று மாட்ட வேண்டும், 4000தான்.